முகம் எரிகிறதா? அந்த க்ரீமைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

"என்ன அம்மிணி, மூஞ்சியெல்லாம் கன்னிப்போய்க் கெடக்குது? வெயில்ல அலைஞ்சியா?"

"இல்லீங்க அத்தை. அயர்ன் டேபிள்கிட்ட ஒரு மணி நேரம் நின்னாலே இப்படித்தான் ஆகுது. எரியுதுங்க."

"பருவாத்தான் இருக்கும். கடலை மாவைப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு. சரியாப் போயிரும்."

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், திருமுருகன்பூண்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே குடியிருப்பு. மாடியில் இரண்டு ஸ்டீம் அயர்ன் டேபிள். பனியன் கம்பெனிகளிடமிருந்து அயர்ன், பேக்கிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற குடும்பம். ஆர்டர் அவசரம் என்றால் வீட்டு மருமகளும் அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்துவிடுவார். வயது 38. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

கடலை மாவு தேய்த்தார். எரிச்சல் கூடியது. எலுமிச்சம்பழச் சாறு தடவினார். இன்னும் கூடியது. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டியூப் கொடுத்தார். "இதைப் போட்டுப் பாரு, மூணே நாள்!" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. கட்டி இல்லை, கன்றல் இல்லை, நிறம்கூட ஒரு சுற்று கூடியது போலிருந்தது. மாமியாருக்கும் திருப்தி.

எட்டு மாதம் கழித்து இன்று? அந்த க்ரீமை ஒரு நாள் போடாவிட்டால் முகம் தக்காளி போல வீங்கி எரிகிறது. போட்டால் அடங்குகிறது. கன்னத்தில் நூல் போல சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. உதட்டுக்கு மேலே முடி வளர்கிறது. நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் பயமாக இருக்கிறது.

இது ஒரே ஒரு பெண்ணின் கதையாக இருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. தமிழ்நாட்டின் எந்த ஊர் தோல் டாக்டரைக் கேட்டாலும், கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி இதே கதையைச் சொல்வார். இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பலர் பெயர்கூடக் கேள்விப்படாத 'ரோசேஷியா'. இன்னொன்று, அதை மறைப்பதாக நினைத்து நாம் வாங்கிப் பூசுகிற க்ரீம்.

சிவப்பு தெரியாத சிவப்பு

ரோசேஷியா என்பது முகத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நாள்பட்ட தோல் அழற்சி. இரண்டு கன்னம், மூக்கு, நெற்றியின் நடு, தாடை. இவைதான் அதன் இடம். முதலில் 'குப்'பென்று சூடேறும்; கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். நாளடைவில் அந்தச் சிவப்பு தணியாமல் தங்கிவிடும். சிலருக்கு அதன்மேல் சின்னச் சின்னக் கட்டிகளும் சீழ்க்கொப்புளங்களும் வரும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் ஆரம்பிக்கும். ஆண்களுக்கும் வரும்; பெண்களிடம் அதிகமாகத் தெரிய வருகிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதியாச்சே?" என்று கேட்கலாம். பாடப் புத்தகங்களில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் படங்களையே போட்டு வந்ததால் டாக்டர்களிடையேகூட அந்த எண்ணம் இருந்ததுண்டு. ஆனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது விதிவிலக்குத் தரவில்லை. நம் தோலில் மெலனின் அதிகம். அந்தத் திரைக்குப் பின்னால் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்னம் கொஞ்சம் கறுத்தாற்போல, ஊதா கலந்த பழுப்பாக, வெயிலில் கன்றினாற்போல இருக்கும். பார்க்கிறவர் "கறுத்துட்டியே" என்பார். உள்ளே நெருப்பாக எரிவது சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடியில் சிவப்பைத் தேடிப் பயனில்லை. உணர்ச்சியைக் கவனிக்க வேண்டும். சோப்புப் போட்டதும் சுரீர் என்கிறதா? நேற்று வரை ஒத்துக்கொண்ட பவுடர், க்ரீம் எல்லாம் இன்று எரிகிறதா? சூடான இடத்துக்குப் போனால் கன்னத்தில் அனல் அடிக்கிறதா? முகத்தோல் வறண்டு இழுத்துப் பிடிக்கிறதா? டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லைக் கன்னத்தில் அழுத்திப் பார்ப்பார். ரத்தக் குழாய்கள் விரிந்ததால் வந்த சிவப்பு என்றால் அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் திரும்பி வரும்.

பருவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி என்று துவாரம் அடைத்த முளைகள் இருக்கும். எண்ணெய் வழியும் முகத்தில் பதின்வயதில் தொடங்கும். முதுகு, மார்பிலும் வரும். ரோசேஷியாவில் கரும்புள்ளி கிடையாது. எரிச்சல் பிரதானம். பருவுக்கு என்று விற்கிற காரமான ஃபேஸ் வாஷ்களை இந்தத் தோலில் போடுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை.

இன்னொன்று. இது தொற்று நோய் அல்ல. ஒரே துண்டை, ஒரே தலையணையைப் பகிர்ந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்க வேண்டியதில்லை. முகம் கழுவாத அழுக்கினாலும் வருவதில்லை. சொல்லப்போனால், ரொம்பவும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்களுக்குத்தான் அதிகமாகிறது!

மிளகாயும் அயர்ன் ஆவியும்

ஏன் இப்படி எரிகிறது? ஒரே காரணம் என்று எதையும் சுட்டிவிட முடியாது. பரம்பரைச் சாய்வு உண்டு. 2007-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ரிச்சர்ட் கேலோ என்ற தோல் விஞ்ஞானியின் குழு, கேத்தலிசிடின் என்ற புரதம் இந்த நோயாளிகளின் தோலில் அளவுக்கு மீறி இருப்பதையும் தவறான துண்டுகளாக உடைவதையும் கண்டுபிடித்தது. கிருமியை விரட்ட உடம்பு வைத்திருக்கும் காவல்காரப் புரதம் அது. காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இவர்களிடம் கூடுதலாகப் பெருகியிருப்பதும் தெரிந்திருக்கிறது.

நம் ஊருக்கு மிகவும் பொருந்துகிற விஷயம் வேறொன்று. நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. மிளகாய் நாக்கில் பட்டால் ஏன் 'எரிகிறது' என்று தேடிப் போன டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழு 1997-ல் இதைக் கண்டுபிடித்தது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் பட்டால் அந்தக் கதவு திறக்கும். வேடிக்கை என்னவென்றால், சுமார் 43 டிகிரி செல்ஷியஸுக்கு மேற்பட்ட சூட்டிலும் அதே கதவுதான் திறக்கிறது! மூளைக்கு இரண்டும் ஒரே சேதி: 'சுடுது!' இதற்காக ஜூலியஸுக்கு 2021-ல், ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து, மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரோசேஷியா உள்ளவர்களின் தோலில் இந்த ரகக் கதவுகள் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கதவு திறந்தால் நரம்பு கூச்சல் போடும், ரத்தக் குழாய் விரியும், முகம் கொதிக்கும்.

இப்போது நம் மருமகளின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் அடுப்படி. பிறகு தகரக் கூரை போட்ட மாடியில் அயர்ன் ஆவி, முகத்துக்கு நேராக. மத்தியானம் ஸ்கூட்டரில் வெயிலில் டெலிவரி சலான் கொடுக்கப் பயணம். ஞாயிற்றுக்கிழமை வர மிளகாயைக் கிள்ளிப் போட்ட பள்ளிபாளையம் சிக்கன். கதவு மூட நேரமே இல்லை.

பூண்டிச் சாலையோரத்தில் நாள் முழுதும் உளி பிடிக்கும் சிற்பிகள், சாயப்பட்டறை பாய்லர் பக்கம் நிற்பவர்கள், காம்பாக்டிங் மெஷின் ஓட்டுபவர்கள், ஒன்றரை ஷிப்ட் அயர்ன் பார்ப்பவர்கள் என்று சூட்டோடு பிழைப்பவர்கள் நிறைந்த பகுதி இது. எல்லோருக்கும் ரோசேஷியா வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. சூடு நோயை உண்டாக்குவதில்லை. அந்தச் சாய்வு உள்ள தோலைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். உலக அளவில் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2018-ல் கணக்குப் போட்டபோது, பெரியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகத் தெரிந்தது.

வேலையை விட்டுவிட முடியுமா? முடியாது. ஆனால் சிலவற்றை மாற்றலாம். அயர்ன் டேபிளுக்குப் பக்கவாட்டில் ஒரு ஃபேன். காற்று முகத்திலிருந்து ஆவியை விலக்கி வெளியே தள்ளும்படி வையுங்கள். ஆவி விடும்போது தலையைக் கவிழ்க்காதீர்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் நிற்பதற்குப் பதில் முக்கால் மணிக்கு ஒருமுறை மடிக்கிற வேலைக்கு மாறி, பிறகு திரும்புங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். ஐஸை நேரடியாக முகத்தில் வைக்க வேண்டாம். பச்சைத் தண்ணீரே போதும்.

சளி பிடித்தால் போர்வைக்குள் ஆவி பிடிக்கிறோமே, ரோசேஷியா உள்ளவர்கள் அதை மறந்துவிட வேண்டியதுதான். தலைவலி தைலத்தைக் கன்னம் வரை வழித்துத் தடவும் பழக்கத்தையும்தான்.

காபியை நிறுத்தணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ் வீடு இல்லை! நல்ல சேதி இருக்கிறது. 1981-ல் ஜொனாதன் வில்கின் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு எளிய சோதனை செய்தார். ரோசேஷியா நோயாளிகளுக்குச் சூடான காபி, ஆறிய காபி, வெறும் வெந்நீர் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். சூடான காபிக்கு முகம் சிவந்தது. வெறும் வெந்நீருக்கும் சிவந்தது. ஆறிய காபிக்குச் சிவக்கவில்லை. குற்றவாளி காபி அல்ல, சூடு! 2018-ல் அமெரிக்க நர்ஸுகள் 82,737 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேஷியா சற்றுக் குறைவாகவே வந்திருந்தது. அதற்காக நாலு டம்ளர் குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். டபராவில் நன்றாக ஆற்றிக் குடித்தால் போதும். பாட்டிமார் ஆற்றுகிற மாதிரி, உயரத் தூக்கி.

காரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒருவருக்குப் பச்சை மிளகாய் ஆகாது, இன்னொருவருக்கு ஊறுகாய் ஒன்றும் செய்யாது. ஒரு பழைய டைரியில் மூன்று வாரம் எழுதிப் பாருங்கள். என்ன சாப்பிட்டேன், எங்கே நின்றேன், எப்போது முகம் எரிந்தது? உங்கள் எதிரி யார் என்று தானாகத் தெரிந்துவிடும். பத்தியம் என்று பால், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி உடம்பை வாட்ட வேண்டியதில்லை. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மது பலருக்கு இதைக் கிளப்பிவிடும். ஆனால் மூக்குச் சிவந்தவரெல்லாம் குடிகாரர் என்பது அபாண்டம். சொட்டுக்கூடத் தொடாதவர்களுக்கும் வருகிறது.

மூன்று நாள் மாயம்

சரி, அந்த டியூபுக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

அந்த மாதிரி டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா? 'சோன்', 'சால்', 'லோன்' என்று முடிகிற இந்த வகைப் பெயர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டுகள். கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று இருந்தால் அது 'மூணு மருந்து' க்ரீம்.

இந்த மூன்று மருந்துக் கூட்டு தானாக முளைத்ததல்ல. 1975-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் க்ளிக்மன், ஐசக் வில்லிஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள், மங்கு போன்ற கறுப்புத் திட்டுகளை வெளுக்க இப்படியொரு கூட்டை வெளியிட்டார்கள். டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டிய மருந்து. நம் நாட்டிலோ அதில் மொமெட்டசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டைச் சேர்த்த டியூப்கள் வந்தன. கடைக்காரரிடம் "அண்ணா, கலர் வர்ற க்ரீம் ஒண்ணு குடுங்க" என்றால் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அவை வீட்டு மருந்தாகிவிட்டன. கல்யாணப் பெண்ணுக்கு, காலேஜ் பையனுக்கு, சவரம் செய்த எரிச்சலுக்கு, தேமலுக்கு, பருவுக்கு... எல்லாவற்றுக்கும் அதே டியூப்!

ஸ்டீராய்டு மோசமான மருந்தல்ல. எக்ஸிமா போன்ற நோய்களில் அது அருமருந்து. முகத்தில், மாதக்கணக்கில், கேட்பாரில்லாமல் போடும்போதுதான் வினை. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்; அதனால் சிவப்பு மறையும். அழற்சியை அமுக்கிவிடும், அதனால் கட்டி மறையும். மூன்று நாள் மாயத்தின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் முகத்தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் இன்னும் மெலிந்து காகிதம் போலாகும். மருந்தின் பிடி தளர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரியும். சிற்றுண்ணிகள் பெருகும். எரிச்சல் தாங்காமல் மறுபடி டியூபை எடுப்பீர்கள். அடங்கும். மறுபடி வரும்.

இதற்கு முன் ரோசேஷியாவே இல்லாதவருக்கும் இப்படி ரோசேஷியா போன்ற முகம் வரும். ஏற்கெனவே இருந்தவருக்கு மூர்க்கமாகும். கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டூவும் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான, ஸ்டீராய்டை நம்பிக் கிடக்கும் முகம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எஸ்.டி.எஃப். என்பார்கள். குடிப்பழக்கத்துக்குச் சொல்வது போல 'நம்பிக் கிடக்கும்' என்று சொன்னது ரொம்பப் பொருத்தம்.

எவ்வளவு பேருக்கு? 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சனையோடு வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டர் அல்ல. சிநேகிதி, உறவினர், கடைக்காரர், பார்லர் போன்றவர்கள்தான். தோல் மருத்துவர்களின் சங்கம் இதை எதிர்த்துப் பல வருஷம் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய 'ஹெச்' பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு அலமாரிக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லையே!

'இது ஆயுர்வேதம், பக்கவிளைவே இல்லை' என்று பெயர் இல்லாத டப்பாவில் விற்கப்படும் நைட் க்ரீம்களையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். உட்பொருள் பட்டியல் இல்லாத எதுவும் முகத்துக்கு வேண்டாம். மூன்று நாளில் வெளுக்க வைக்கும் எந்தப் பூச்சிலும் வில்லங்கம் இருக்கும்.

விட்டால் வெடிக்கும்... தயாராக இருங்கள்

"அப்போ இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். சில வாரம் மட்டும் போட்டவர் நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் முகம் சிவந்து, வீங்கி, கொப்புளித்துப் பழிவாங்கும். பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். 'க்ரீமை விட்டதால்தானே வந்தது, அப்போ க்ரீம்தான் நல்லது' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

தோல் டாக்டரிடம் போங்கள். சிலருக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்குவார். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் போன்ற பூச்சோ, சில வாரங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ கொடுப்பார். முதல் சில வாரம் சிரமம். முழுதாகத் தேற மாதங்கள் ஆகலாம். கணவர், மாமியார் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "டாக்டர்கிட்ட போனப்புறம்தான் மூஞ்சி மோசமாச்சு" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் பாதியில் நின்றுவிடும்.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் டிஸ்பென்சரியிலேயே தோல் டாக்டருக்கு ரெஃபர் கேட்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட வேண்டிய செலவல்ல.

முகத்துக்கு என்னதான் போடுவது?

எவ்வளவு குறைவாகப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. நுரை பொங்காத, வாசனை இல்லாத மென்மையான க்ளென்சரால் காலை, இரவு இரண்டு வேளை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், விரல் நுனியே போதும். உலகத்துக்கே மெத்தென்ற பனியன் துணி தைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு சொரசொரப்பான பூத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைக்கிறோம்! பலமுறை துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அதன்மேல் வாசனையில்லாத மாய்ஸ்சரைஸர். தோலின் மேல்சுவர் ஓட்டையாக இருப்பதால்தான் எல்லாமே எரிகிறது. சுவரைப் பூசிவிடுவது மாய்ஸ்சரைஸர்தான்.

பகலில் சன்ஸ்க்ரீன் அவசியம். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ளவை எரியும் தோலுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். பட்டாணி அளவு எடுத்துப் பூசினால் பயனில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகம், கழுத்துக்குப் போதும். வெள்ளையாகத் திட்டுத் தெரிகிறது என்று கவலையா? நிறம் கலந்த சன்ஸ்க்ரீன்கள் கிடைக்கின்றன. ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டா சுற்றுவது நல்ல பழக்கம், பருத்தியாக இருக்கட்டும். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் சில நாள் தடவிப் பாருங்கள்.

எலுமிச்சை, பேக்கிங் சோடா, பற்பசை, முல்தானி மட்டி, ஸ்க்ரப், ஆல்கஹால் கலந்த டோனர் எதுவும் வேண்டாம். பார்லரில் ஸ்டீம் ஃபேஷியலும் ப்ளீச்சும் வேண்டவே வேண்டாம். "அக்கா, இது ஹெர்பல்தான்" என்பார்கள். ஆவி ஹெர்பலாக இருந்தாலும் சூடு சூடுதான்.

மருந்து என்று பார்த்தால், கட்டிகளுக்கு மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் க்ரீம் ஆகியவை பூசத் தரப்படுகின்றன. கடைசியாகச் சொன்னது சிற்றுண்ணியையும் குறைக்கும். மிஞ்சிப் போனால் டாக்ஸிசைக்ளின். இவை வேலை செய்ய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். மூன்று நாளில் எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் பெரிய சோதனை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்ஸிசைக்ளினும் ஐசோட்ரெட்டினாயினும் கர்ப்ப காலத்தில் கூடாது. நிலைத்துவிட்ட ரத்தக் குழாய்களுக்கு லேசர் உண்டு. மாநிறத் தோலில் அது கறுப்புத் தழும்பு போடலாம் என்பதால் நம் தோலில் பழகிய கை வேண்டும். இந்த நோய் அடியோடு போய்விடும் என்று உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள். அடக்கி வைக்கலாம், பல வருஷம் தெரியாமலே வைத்திருக்கலாம்.

கண், மூக்கு, இன்னும் சில

கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், இமையோரம் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி. இதுவும் ரோசேஷியாவின் வேலையாக இருக்கலாம். தோலில் தெரியும் முன்பே சிலருக்குக் கண்ணில் தெரியும். பஞ்சுத் தூசு என்று சும்மா இருந்துவிடாமல் கண் டாக்டரைப் பாருங்கள். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே.

ஆண்களில் சிலருக்கு வருஷங்கள் போகப் போக மூக்குத் தடித்து, மேடு பள்ளமாகும். பாரிஸின் லூவர் மியூசியத்தில் கிர்லாண்டையோ 1490-ஐ ஒட்டி வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. முண்டு முண்டாக மூக்குப் புடைத்த ஒரு தாத்தாவை, மடியில் இருக்கும் பேரன் அண்ணாந்து பார்க்கிறான். 500 வருஷத்துக்கு முந்தைய மூக்கு! இன்று இதைச் சிறு அறுவையாலோ லேசராலோ செதுக்கிச் சரிசெய்ய முடியும்.

கன்னச் சிவப்பெல்லாம் ரோசேஷியாவும் ஆகாது. மூட்டு வலி, களைப்பு, வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவற்றோடு கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்தால் லூபஸா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து அரித்தால் படர்தாமரை. அதில் ஸ்டீராய்டு போட்டால் அது உருமாறி டாக்டரையே குழப்பும். சிவந்த திட்டில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 45 வயதை ஒட்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சமயத்துச் சூடும் முகத்தில் ஏறும், ஆனால் வியர்த்து அடங்கிவிடும். அம்லோடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் முகம் சிவக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

டாக்டரிடம் போகும் நாளன்று முகத்துக்குப் பவுடர் போடாதீர்கள். மூன்று வாரம் எழுதிய டைரியைக் கொண்டு போங்கள். முகம் நன்றாகச் சிவந்த வேளையில் செல்போனில் எடுத்த படம் ஒன்றும் இருக்கட்டும். டாக்டர் முன் உட்காரும்போது அது அடங்கிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூசிய டியூப்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது உட்பட. "ஏதோ வெள்ளை க்ரீம்" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. டியூப் தீர்ந்து குப்பைக்குப் போய்விட்டதா? அதே கடையில் பெயரைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் போதும், இன்னொரு டியூப் வேண்டாம்.